தரையோடு ஒட்டிய ஸ்போர்ட்ஸ் காரை டிரெய்லரில் ஏற்றி இழுப்பது: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் டிராக் ஓட்டம் என்றால் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பக்கம்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். ஒன்று, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். இல்லையென்றால் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. காரை ஓட்டிக்கொண்டே போய்விடலாம். ஆனால் டயரைத் தேய்த்து, பிரேக் பேடைக் கருக்கிவிட்டு, அதே காரில் ஓசூர் ரோடு நெரிசலில் திரும்பி வர யாருக்கு மனசு வரும்? அங்கேதான் டிரெய்லர் பேச்சு ஆரம்பிக்கிறது. அல்சூர் நண்பர்கள் முதல் எலக்ட்ரானிக் சிட்டி ஐ.டி. ஆட்கள் வரை மாற்றி மாற்றிக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சொந்தமாக டிரெய்லர் வாங்கத்தான் வேண்டுமா? பிளாட்பெட் லாரி போதாதா?

முக்கால்வாசிப் பேருக்கு பிளாட்பெட் (காரை முழுதாக மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டையான மேடை லாரி) போதும். வருடத்தில் ஓரிரு முறை டிராக் போகிறவர் டிரெய்லர் வாங்குவது வீண் தலைவலி. நிறுத்த இடம் வேண்டும். ஆறு மீட்டர் நீளச் சாமானை எந்த அபார்ட்மென்ட் சங்கம் உள்ளே விடும்? இழுக்கத் தகுந்த வண்டி வேண்டும், ஆர்.டி.ஓ. காகிதங்கள் வேண்டும், இரண்டு டன்னுக்கு மேல் பின்னால் தொற்றிக்கொண்டு வருவதை ஓட்டிப் பழக வேண்டும். அடிக்கடி டிராக், கூடவே மாற்றுச் சக்கரங்கள், ஜாக்கி, டூல் பெட்டி என்று போகிற ஆளுக்குத்தான் கணக்கு சரிவரும்.

ஆனால் லாரி எடுத்தாலும் கீழே வரும் சரிவு, பெல்ட் சமாச்சாரங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லாரிக்காரர் தினமும் ஏற்றுவது ஸ்விஃப்டும் இன்னோவாவும். ஸ்விஃப்டின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் 163 மி.மீ. இடைவெளி இருக்கிறது. உங்கள் காருக்கு 110 இருந்தாலே பெரிது.

முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் டோயிங் வண்டி?

வேண்டவே வேண்டாம். தூக்கும்போதே முன் பம்பரின் கீழ் உதடு போய்விடும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் (போர்ஷே 911 கரேரா 4, பெரும்பாலான ஆடி ஆர்8, லம்போர்கினி ஹுராக்கன்கள்) இரண்டு சக்கரம் மட்டும் தரையில் உருண்டால் உள்ளே இருக்கும் கிளட்ச், டிஃபரன்ஷியல் கெட்டுப்போகும். நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே இருக்க வேண்டும்.

டிரெய்லரில் என்ன வகை எடுப்பது?

திறந்த டிரெய்லர், சாயும் டிரெய்லர், மூடிய டிரெய்லர் என்று மூன்று. மூடியது பார்க்க அழகு. ஆனால் கனம் அதிகம், காற்று பக்கவாட்டில் தள்ளும், நம் ஊரில் அதை இழுக்கும் அளவுக்கு வண்டி வைத்திருப்பவர் குறைவு. மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் கன்டெய்னர் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.

என் ஓட்டு சாயும் வகைக்கு. முழு மேடையும் பின்பக்கம் தாழ்ந்து சரிவாக மாறிவிடுவதால் தனி ரேம்ப்பை (ஏற்றும் சரிவுப் பலகையை) தூக்கிப் போட வேண்டாம். எதுவானாலும் இரண்டு அச்சு, நான்கு சக்கரம் உள்ளதாக எடுங்கள். ஒற்றை அச்சு டிரெய்லரில் ஒரு டயர் வெடித்தால் அந்தப் பக்கம் தாங்க வேறெதுவும் இல்லை. டிரெய்லருக்கென்று தனி ஸ்டெப்னி அவசியம். இழுக்கும் வண்டியின் ஸ்டெப்னி அதில் மாட்டாது.

ரேம்ப் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

டிரெய்லர் வாங்கும்போது எல்லோரும் விலையையும் தாங்கும் எடையையும் கேட்கிறார்கள். தாழ்ந்த காருக்கு முதலில் கேட்க வேண்டியது சரிவின் அளவு. கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். வீட்டிலேயே ஒரு டேப் வைத்துக் கணக்குப் போடலாம்.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் கீழ் உதட்டுக்கு நேர்கீழே வரை எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். உதடு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் அளங்கள். தூரம் 800 மி.மீ., உயரம் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 800-ஐ 120-ஆல் வகுத்தால் 6.7 வருகிறது. அதாவது டிரெய்லர் மேடை எவ்வளவு உயரமோ, ரேம்ப் அதைப்போல் 6.7 மடங்கு நீளமாக இருந்தால்தான் உதடு உரசாது. மேடை 500 மி.மீ. உயரம் என்றால் கிட்டத்தட்ட 3.4 மீட்டர். சாதாரண டிரெய்லருடன் வரும் ஒன்றரை மீட்டர் ரேம்ப் ஏறக்குறைய 20 டிகிரி சரிவு கொடுக்கும்; நமக்கு வேண்டியதோ எட்டரை டிகிரி.

அத்தோடு முடியவில்லை. உதடு தப்பித்து, முன் சக்கரம் மேடை ஏறிய பிறகு, ரேம்ப் முடியும் முனையில் காரின் நடு வயிறு தட்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 2,450 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவில் உள்ள தூரம்), 110 மி.மீ. இடைவெளி உள்ள கார் தாங்கும் மடிப்பு சுமார் 10 டிகிரிதான். வீல்பேஸ் நீளமானால் இன்னும் குறையும்.

ரேம்ப் குறைவாக இருந்தால் சமாளிக்க வழி உண்டு. ரேம்ப்பின் அடியிலும் தொடக்கத்திலும் பலமான மரப்பலகைகளைப் படிப்படியாக அடுக்கி ஒரே சரிவை இரண்டாக உடைக்கலாம். இழுக்கும் வண்டியை மேட்டிலும் டிரெய்லரைத் தாழ்விலும் நிறுத்தினால் டிரெய்லரின் வால் இறங்கிக் கொடுக்கும். முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் வசதி காரில் இருந்தால் சுமார் 40 மி.மீ. கூடும். அதையும் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் அதை நம்பியே டிரெய்லர் வாங்காதீர்கள். அந்த ஹைட்ராலிக் வேலை செய்யாத நாளில்தான் காரை டிரெய்லரில் ஏற்ற வேண்டி வரும்.

பேஸ்மென்டிலேயே ஏற்றிக்கொள்ளலாமா?

முடியாது. காரை மேலே ஓட்டி வந்து, விடியற்காலையில், சமமான அகலத் தெருவில் ஏற்றுங்கள். நாலரை மணிக்கு எழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான் திட்டுவார். எட்டு மணிக்கு ஏற்றினால் தெருவே திட்டும்.

ஏற்றியபின் கதவைத் திறக்க முடியுமா?

நல்ல கேள்வி, வாங்கிய பிறகுதான் பலருக்குத் தோன்றுகிறது. ஸ்போர்ட்ஸ் காரின் கதவு நீளம், கீழ் விளிம்பும் தாழ்வு. ஹுராக்கன் மொத்தமே 1,165 மி.மீ. உயரம், ஆனால் அகலம் 1,924 மி.மீ. டிரெய்லரின் சக்கர மூடிகளுக்கு நடுவில் நுழைந்துவிட்டால் கதவு அந்த மூடியில் இடித்து நிற்கும். உள்ளே மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே வர வேண்டியதுதான். கழற்றக்கூடிய சக்கர மூடி, அல்லது சக்கரங்கள் மேடைக்கு அடியிலேயே இருக்கும் டிரெய்லர் எடுங்கள். பின்னதில் மேடை உயரம் கூடும், ரேம்ப் நீளமும் கூடும். அல்லது காரை ஓட்டி ஏற்றாமல் விஞ்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி) போட்டு இழுங்கள். என்னைக் கேட்டால் விஞ்ச்தான் எப்போதும். மெதுவாக ஏறும், உரசப்போகும் இடத்தில் குனிந்து பார்க்கலாம், நிறுத்தலாம்.

என் எஸ்.யூ.வி. இதை இழுக்குமா?

எஞ்சின் இழுக்கும். நிறுத்துமா என்பதைத்தான் கேட்க வேண்டும். கார் 1,500 கிலோ (ஒரு 911 கரேரா ஏறக்குறைய அவ்வளவுதான், ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. 1,700-ஐத் தாண்டும்), டிரெய்லர் 700, சக்கரமும் டூல்ஸும் 100 என்று வைத்தால் 2,300 கிலோ. உங்கள் எஸ்.யூ.வி.யின் எடையே அதற்குக் கிட்டத்தட்டத்தான் இருக்கும்.

கம்பெனி கையேட்டைப் பாருங்கள். இங்கே விற்கும் சில வண்டிகளில் டிரெய்லர் இழுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்றே போட்டிருக்கும். அப்படி இருந்தால் பேச்சு முடிந்தது. டொயோட்டா ஹைலக்ஸுக்கு ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்கிறார்கள். அந்த எண் பிரேக் உள்ள டிரெய்லருக்கு, அந்த நாட்டு ஹிட்ச்சுக்கு (டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் பொருத்தும் கொக்கி). வெளிநாட்டு எண்ணைக் காட்டி இங்கே வாதாட முடியாது. ஹிட்ச் வாங்கும்போது அதன் முனையில் இருக்கும் உருண்டையின் (ball) அளவையும் கவனியுங்கள். ஐரோப்பிய அளவு 50 மி.மீ.; அமெரிக்கச் சாமானில் இரண்டு அங்குலம், இரண்டே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் என்று வேறு அளவுகள் வரும். அந்த உருண்டை மேல் உட்காரும் டிரெய்லர் மூக்கின் பூட்டு, அதாவது கப்ளர், பெரிதாகவும் உருண்டை சிறிதாகவும் இருந்தால் ஒரு பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் அவசியமா?

இந்த எடைக்கு அவசியம். தள்ளு பிரேக் என்று ஒரு வகை: முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் வந்து முட்டும் விசையிலேயே அதன் பிரேக் பிடிக்கும். கூடுதல் வயரிங் வேண்டாம். எலக்ட்ரிக் பிரேக் என்றால் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கன்ட்ரோலர் வேண்டும், ஆனால் டிரெய்லரை மட்டும் தனியாகப் பிடிக்க முடியும். அந்த ஒரு வசதிக்காகவே அது மேல். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் அதன் மூக்கு சங்கிலியில் விழும், ரோட்டில் குத்தாது. டிரெய்லர் பிரிந்துபோனால் தானாக பிரேக் இழுக்கும் கேபிளையும் மறக்க வேண்டாம்.

காரை மேடையில் எங்கே நிறுத்துவது? நடுவிலா?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் அழுந்த வேண்டும் என்பது இரட்டை அச்சு கார் டிரெய்லருக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2,300 கிலோவுக்கு 230 கிலோவிலிருந்து தொடங்குகிறது. உங்கள் ஹிட்ச் தாங்கும் உச்ச எடை அதன் தகட்டிலேயே இருக்கும். அதைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தால் பின்பக்கம் கனத்து டிரெய்லர் தூளி ஆடுவது போல இரு பக்கமும் ஆட ஆரம்பிக்கும். அதிகமானால் முன்வண்டியின் பின்புறம் அமுங்கி, ஸ்டியரிங் லேசாகி, ஹெட்லைட் மரத்தின் உச்சியைத் தேடும்.

சரி, காரை எங்கே நிறுத்துவது? அது எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மஸ்டாங்கில் எடையில் பாதிக்கு மேல் முன் அச்சில். 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால். எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின் சக்கரங்களில். இரண்டையும் மூக்கு முன்னால் வைத்து ஒரே இடத்தில் நிறுத்தினால், 911-இன் எடை மையம் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் பின்னால் விழும். மையம் அச்சுக்கும் பின்னால் போனால் ஹிட்ச் மேலே தூக்கப் பார்க்கும்.

எவ்வளவு நகர்த்துவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஹிட்ச்சிலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடுவுக்கு 4.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,500 கிலோ காரை 10 செ.மீ. முன்னால் நகர்த்தும்போது ஹிட்ச்சில் 33 கிலோ கூடும். அவ்வளவு நுணுக்கமான விஷயம். கையால் தள்ளினாலே மாறிவிடும். சரியான இடம் கிடைத்ததும் மேடையில் முன் டயர் நிற்கும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை அளக்கவே வேண்டாம்.

911, கேமன் மாதிரி கார்களை வால் முன்னால் வைத்து ஏற்றுவதும் உண்டு. எடைக்கு அது நல்ல தீர்வு. ஆனால் காற்று பின்னாலிருந்து முன்னால் அடிக்கும். பானட், டிக்கி மூடிகளின் லாட்ச்சைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். துணிக்கூரை கார் என்றால் இந்த முறை வேண்டாம்.

ஹிட்ச் எடையை எப்படி அளப்பது?

நெடுஞ்சாலை எடை மேடையில் மொத்த எடையைப் பார்த்துவிடலாம். ஆனால் அது பெரும்பாலும் 5, 10 கிலோ படியில்தான் காட்டும். வீட்டு எடைக்கருவி நுணுக்கமாகக் காட்டும், ஆனால் 150 கிலோவோடு நின்றுவிடும். அதனால் ஒரு நெம்புகோல் வேலை செய்யலாம்: ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மீதும் மறு முனையை எடைக்கருவி மீதும் வையுங்கள். டிரெய்லரின் மூக்கை, செங்கல்லிலிருந்து ஒரு அடி, எடைக்கருவியிலிருந்து இரண்டு அடி தூரத்தில் பலகை மேல் இறக்குங்கள். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் ஹிட்ச் எடை. பலகையின் எடையை முதலிலேயே கழித்துக்கொள்ள வேண்டும். டிரெய்லர் சமமாக நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும்.

பெல்ட்டை எங்கே கட்டுவது?

டயர் மேல். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பெல்ட், 50 மி.மீ. அகலம், ராட்செட் (பெல்ட்டை இறுக்கும் பல்சக்கரக் கைப்பிடி) உள்ளது. டயரைச் சுற்றி மூன்று இடத்தில் பிடிக்கும் வகை வேண்டும். பெல்ட்டில் தைத்த லேபிளில் அது தாங்கும் விசை அச்சிட்டிருக்கும். லேபிள் இல்லாத பெல்ட்டை ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏன் டயர்? சேசிஸில் கட்டி இறுக்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பெல்ட் தளரும், பிறகு வெடுக்கென்று இழுபடும். டயரைப் பிடித்தால் கார் மேலே தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டிருக்கும், சக்கரம் மட்டும் மேடையோடு ஒட்டியிருக்கும். சஸ்பென்ஷன் ஆர்ம் பல கார்களில் அலுமினியம். அதில் கொக்கி மாட்டினால் கீறல் விழும், வளையவும் கூடும். அலாய் வீலின் கம்பிகளுக்குள் பெல்ட்டை விட்டால் பிரேக் குழாயை அறுத்துவிடும். டோ ஐ எனப்படும் இழுவை வளையம் நேராக விஞ்ச் போட்டு இழுக்க மட்டுமே. அதில் பெல்ட் கட்டி முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டாம். டூல் பெட்டியில் இருக்கும் அந்த வளையம் பல ஐரோப்பிய கார்களில் இடது மரை. வழக்கமான பக்கம் திருகிவிட்டு “மாட்டவே இல்லை” என்று சொல்பவர்கள் உண்டு.

புறப்பட்டு பத்து, இருபது கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தி இறுக்குங்கள். பெல்ட் முதலில் கொஞ்சம் இளகும், டயரும் படியும். அத்திப்பள்ளி டோல் தாண்டி ஒரு டீ குடிக்கிற சாக்கில் இதைச் செய்துவிடலாம். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெல்ட்டைக் கையால் தட்டிப் பாருங்கள், டிரெய்லரின் சக்கர நடுவைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கையைச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ மக்கர் பண்ணுகிறது.

கார் மேல் கவர் போட்டுப் போகலாமா?

கூடாது. காற்றில் படபடவென்று அடித்து பெயின்டைத் தேய்த்துவிடும். முன்வண்டிக்கு நல்ல மட் ஃபிளாப் போடுங்கள். கல் அடிப்பது அதன் பின் டயரிலிருந்துதான்.

பேட்டரி செத்துக் கிடக்கும் காரை எப்படி ஏற்றுவது?

ஆட்டோ கியர்பாக்ஸ் கார் பலவற்றில் மின்சாரம் இல்லாமல் நியூட்ரல் விழாது, எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கும் விடாது. இழுத்தால் பூட்டிய சக்கரம் தேய்ந்துகொண்டே வரும். வெளியிலிருந்து பூஸ்டர் கொடுத்து நியூட்ரலுக்கு மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் உருளைப் பலகை வைத்துத் தள்ள வேண்டும்.

ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் விஷயம்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி டிரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வாகனம்தான். பீன்யாவில் தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஆசைப்பட்டபடி செய்து, நம்பர் இல்லாமல் ரோட்டில் விட முடியாது. முறையான ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். வண்டியை கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஹிட்ச் மாட்டும் முன் உங்கள் ஆர்.டி.ஓ.வில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இன்சூரன்ஸில் ஒரு நல்ல செய்தி. வழக்கமான பேக்கேஜ் பாலிசியில், கார் சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியாகக் கொண்டுபோகப்படும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். ஆனால் இழுக்கும் வண்டியின் பாலிசி, இழுக்கப்படும் வண்டிக்கு வரும் சேதத்துக்குப் பொறுப்பேற்காது. ரேஸ், வேகச் சோதனை இரண்டும் விலக்கு. ஆக டிராக்குக்குப் போகும் வழியில் பாலிசி இருக்கும், டிராக்குக்குள் இருக்காது.

வழியில் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

கோவைக்குப் போகிறவர்களுக்கு ஒரே பதில்: தொப்பூர். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். சேலம் 300-க்கும் கீழே. அந்த இறக்கத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி, தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கும் தொப்பூர் கணவாய். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி பிரேக் போன லாரிகளின் கதை அந்தச் சாலையில் எத்தனையோ. உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் அவர்களும் இறங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இறக்கம் தொடங்கும் முன்னரே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதியில் குறைப்பது தாமதம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதில் இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இருக்கக் கூடாது; அழுத்தி வேகம் குறைத்து, விட்டுவிட வேண்டும். தள்ளு பிரேக் டிரெய்லரில் இன்னொரு சிக்கல்: இறக்கம் முழுக்க டிரெய்லர் முட்டிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக்கும் தொடர்ந்து பிடித்துச் சூடேறும். கீழே வந்ததும் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறும்போது தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஸ்பீடு பிரேக்கர் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நம் கிராமத்துச் சந்திப்புகளில் இருப்பது வேறு ஜாதி. காரில் தனியாகப் போகும்போது கோணலாக ஏறுவோமே, டிரெய்லரோடு அதைச் செய்யாதீர்கள், கப்ளர் முறுக்கிக்கொள்ளும். நேராக, நடை வேகத்தில்.

டிரெய்லர் ஆட ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள். முன்வண்டியின் பிரேக்கை அமுக்காதீர்கள். எலக்ட்ரிக் பிரேக் இருந்தால் டிரெய்லரை மட்டும் லேசாகப் பிடியுங்கள். வேகம் கூட்டினால் நேராகிவிடும் என்று ஒரு அண்ணன் சொல்வார், கேட்காதீர்கள். அடங்கியதும் ஓரம் கட்டி, காரை முன்னால் நகர்த்த வேண்டுமா, டிரெய்லர் டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவு எடையோடு மணிக்கு 60, 70-க்கு மேல் போகவே அவசியம் இல்லை.

பிளாட்பெட் லாரிக்காரரிடம் போனில் என்ன கேட்க வேண்டும்?

மேடை முழுதாகச் சாய்ந்து தரையைத் தொடுமா, பலகை வைத்திருக்கிறாரா, டயர் பெல்ட் இருக்கிறதா. “சங்கிலி கொக்கிதான் சார், ஒன்றும் ஆகாது” என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். காரின் படத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள்; அனுபவம் உள்ள டிரைவர் படத்தைப் பார்த்ததுமே எத்தனை பலகை வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஏற்றும் முன் நான்கு பக்கமும், பம்பரின் அடியிலும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கும்போது தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

டிரெய்லர் முன்வண்டியோடு மாட்டியிருக்கும்போதுதான் இறக்க வேண்டும். தனியாகக் கழற்றி நிறுத்தி இறக்கினால், கார் பின்பக்கம் நகர்ந்ததும் மூக்கு மேலே எகிறும். பெல்ட்டுகளை அவிழ்க்கும் முன் காரில் ஒருவர் பிரேக்கில் கால் வைத்து உட்காரட்டும், அல்லது விஞ்ச் கயிறு இறுக்கமாக இருக்கட்டும். ஏற்றும்போது எத்தனை பலகை போட்டீர்களோ, இறக்கும்போதும் அத்தனை வேண்டும். அவற்றை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.